வலது வளைவில் உரசிய டயர்

அண்ணே,

இன்று காலை மலையிறங்கி வந்த பஸ் ஒன்று எனக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றது. சக்கரத்திலிருந்து சூடான ரப்பர் வாசம் வந்தது. கை ஸ்டியரிங்கில் இருக்க, கண் தானாக இடப்பக்க இருக்கைக்குப் போய்விட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. அந்த வாசம் வந்தால் நான் இன்னும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறேன்.

நம் பிக்கப்புக்குப் பழைய அளவில் டயர் எங்கேயும் கிடைக்காமல், எம்பிலிப்பிட்டியவில் கொஞ்சம் அகலமான ஜோடியை வாங்கிப் போட்டோமே, அன்றைக்குத் தொடங்கியது அந்த உரசல். சீனி வியாதியில் உங்கள் கால் விரல்கள் போனபிறகு நான்தான் ஓட்டுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருவீர்கள். தேயிலைக் கொழுந்து மூட்டைகளோடு தோட்டத்திலிருந்து கொடகவெலைக்கு இறங்கும் பாதையில், மாரியம்மன் கோவிலைத் தாண்டியதும் வரும் வலது வளைவில், இடது முன் டயர் மட்கார்டில் உரசும். யாரோ ஈரச் சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு கூடவே வருவதைப் போன்ற சத்தம்.

"என் வெயிட்டுதான் தங்கச்சி. நான் ஏறுனா வண்டியே அழுவுது" என்று சிரிப்பீர்கள். பிறகு உங்கள் தோள் என் தோளில் படும்வரை இந்தப் பக்கம் சாய்வீர்கள். சத்தம் நின்றுவிடும். மட்கார்டின் விளிம்பைத் தட்டி உள்ளே மடித்துவிடலாம் என்றால் மட்டும் விடமாட்டீர்கள். "அப்பா காலத்துத் தகரம். சுத்தியல் பட்டா அதோட மூஞ்சியே மாறிப்போகும்."

எலிக்காய்ச்சலோடு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலும் அந்த வளைவில் டயர் உரசியது. அன்று சாய்வதற்கு உங்களுக்குத் தெம்பில்லை.

அதன்பிறகு மாதக்கணக்கில் சத்தமே வரவில்லை. பாரம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியிருக்க, ஒரு மழைநாள் மத்தியானம், பின்னால் ஒரு மூட்டைகூட இல்லாமல் தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். பனி மூட்டத்தில் கோவில் மணிக்கூண்டுகூடத் தெரியவில்லை. வளைவில் திருப்பினேன். அதே சத்தம்.

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். டயரின் தோளில் புதிதாக ஒரு கறுத்த கோடு, தொட்டால் சூடு. ஆனால் டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. மறுநாளும் உரசியது. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "அண்ணே, இந்தப் பக்கம் சாயுங்க."

சத்தம் நின்றுவிட்டது.

டவுன் போய்ச் சேரும்வரை நான் இடப்பக்கம் திரும்பவில்லை.

அண்ணியிடம் சொன்னேன். நம்பமாட்டார் என்று நினைத்தேன். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து, உங்கள் இருக்கையில் உட்காராமல், பின்னால் ஏறி நின்றுகொண்டார். வளைவில் சத்தம் கேட்டதும் கம்பியைப் பிடித்தபடி அழுதார். இறங்கியபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத ரிப்பேர் பண்ணிறாத. இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் மாலதியின் கல்யாணம் நெருங்கிவிட்டது. குருவிட்டவில் மாப்பிள்ளை வீடு. தோட்டத்து லய வீடுகளின் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக இந்த வண்டியை விட்டால் வேறில்லை. உங்கள் மகளை உரசுகிற டயரோடு மலையிறக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணியிடம் சொல்லாமல், வண்டி திருத்துகிற சுமித் பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

பாஸ் சக்கரத்தைக் கழற்றினார், ஆட்டிப் பார்த்தார், கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "ஆள் ஏறினா உரசும். வாங்க நங்கி, நான் ஒக்காரேன்" என்று உங்கள் இருக்கையில் ஏறினார். அவருக்கும் நான் தங்கச்சிதான், சிங்களத்தில் நங்கி. உங்களைவிடக் கனத்த மனிதர். வளைவில் ஒரு சத்தமும் இல்லை. திரும்ப ஏறிப்போய் இறங்கினோம். இல்லை. அவர் கீழே இறங்கி பாதையோர மண்மேட்டில் நின்றுகொண்டு என்னைத் தனியாக ஓட்டச் சொன்னார். உரசியது.

நடந்து வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை. "நங்கி, ஆள் இருக்கும்போது வரல்ல. ஆள் இல்லாதப்போ வருது. இது தலைகீழா இருக்கு." கொஞ்ச நேரம் அந்த வெற்று இருக்கையைப் பார்த்தார். "ஸ்பிரிங்கக் கழட்டிப் பாக்காம இந்த வண்டிய நான் கையில குடுக்க மாட்டேன்."

கழற்றினார். இடது ஸ்பிரிங்கின் பட்டைகளில் பாரம் தாங்கும் தாய்ப்பட்டையில், கிளாம்ப் மறைத்திருந்த இடத்தில், ஒரு வெடிப்பு. சேற்றையும் கிரீஸையும் துடைத்தபோது அது பட்டையின் மறுபக்கம்வரை போயிருந்தது. ஒரு நூல் அளவு இரும்புதான் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டை விரியும்போது அச்சு பின்னால் நகர்கிறது, அப்போது டயர் போய்த் தகரத்தில் படுகிறது என்று விளக்கினார்.

"அப்ப நீங்க ஒக்காந்தப்போ ஏன் படல்ல, பாஸ்?"

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது எனக்குத் தெரியாது நங்கி. ஆனா கல்யாணத்து ஆளுங்கள ஏத்திட்டு எறங்கியிருந்தீங்கன்னா, அந்த வளைவுல இது போயிருக்கும்." வளைவுக்குக் கீழே ஆறுதான் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

உடைந்த பட்டையை அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மடியில் வைத்து அந்த வெடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "சொல்லத்தான் வந்திருக்காரு" என்றார். என்னைத் திட்டவில்லை.

புதுப்பட்டை போட்டு, போல்ட்டுகள் மாற்றி, கல்யாணத்தன்று காலையில் கிளம்பினோம். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். உங்கள் இருக்கையில் மாலதி. அங்கேதான் உட்கார வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். கோவிலைத் தாண்டியதும் பாட்டு நின்றது. லயம் முழுக்கக் கதை தெரிந்திருந்தது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

"அப்பா எறங்கிட்டாரா, அத்த?"

"ஆமா கண்ணு."

அவள் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வளையல் குலுங்க மெதுவாகக் கையசைத்தாள். யாருக்கோ பதில் காட்டுகிறவள்போல லேசாகச் சிரித்தாள். என் தலைக்கு மேலேயே பின்பக்கம் காட்டும் கண்ணாடி இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, அண்ணே. பார்த்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாலதியிடம் கேட்கவும் துணியவில்லை.

டயர் இப்போது உரசுவதில்லை. ஆனாலும் அந்த வளைவில் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுகிறார்கள். திட்டட்டும். ஏறுவதாக இருந்தால் ஏறிக்கொள்ளுங்கள்.