கருப்புக்கு நேர்ந்த செவலைக் கோழி

ஜூன் 12, வியாழன்

நான் அப்பவே சொன்னேன். பருந்து வட்டம் போட்ட தினுசைப் பார்த்து, இந்த வருஷம் வெள்ளைக்கழிச்சல் வரும்னு மார்கழியிலேயே சொன்னேன். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எவன் காதில் வாங்கினான்? இப்போ பதினோரு கோழியில் பத்து போச்சு. கழுத்தைத் திருகிக்கிட்டு, பச்சையாக் கழிஞ்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு. வேப்பமரத்தடியில் ஆளுயரக் குழி வெட்டிப் புதைச்சேன். மிச்சம் செவலை மட்டும்தான்.

ஜூன் 13

பொண்டாட்டியின் தம்பி மாதவன் துக்கம் கேட்க வந்தான். கூண்டுக்குள் எட்டிப் பார்த்துட்டுச் சொல்றான்: "மாமா, இதுவும் விழுறதுக்குள்ள குழம்பு வெச்சிருவோம். மிளகு நான் வாங்கிட்டு வரேன்."

துக்கம் கேட்கிற வாயா அது!

"டேய், இது கருப்புக்கு நேர்ந்து விட்டது. தொட்டா கை வெளங்காமப் போயிடும்"னேன். போன மாசம் காய்ச்சலில் கிடந்தப்போ, எங்க வையம்பட்டிக் கருப்பே கனவில் வெள்ளைக் குதிரையில் வந்து, அரிவாளை நீட்டிச் செவலையைக் காட்டினார். மாதவன் கன்னத்தில் போட்டுக்கிட்டான். பயந்தாங்கொள்ளி.

ஜூன் 17

தின்ன மாட்டேங்குது. அவ்வளவு பெரிய கூண்டில் பத்துப் பேருக்கு இடம் விட்டு மூலையில் ஒடுங்கி நிக்குது. சனியனே, யாருக்கு இடம் விடுறே?

புதுக் கோழி வாங்கித் துணைக்கு விடலாம்னா, மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கூடாதுங்கிறாங்க. நோய் கூண்டிலேயே கிடக்குமாம். அதையும் நான் முன்னாடியே சொல்லிட்டேன்.

ஜூன் 19

கண்டுபிடிச்சுட்டேன்! கூட ஒரு ஆள் கொத்தினால்தான் இதுவும் கொத்தும். குந்தி உட்கார்ந்து, தட்டில் நகத்தால் டக் டக்குனு கொத்தினேன். கம்பு தின்னுது. ஒர்க்‌ஷாப்பில் இந்த விரலால் தட்டியே இன்ஜினுக்கு என்ன கோளாறுன்னு சொன்னவன் நான். கோழி எந்த மூலைக்கு?

"என்கூட உக்காந்து என்னிக்காவது இப்படிச் சாப்பிட்டிருக்கீங்களா?"ன்னா பொண்டாட்டி.

வீட்டில் யாருக்கும் பாராட்ட மனசு வராது.

ஜூலை 2

மாதவன் நாக்கு அழுகிப்போக! நேர்த்திக்கடன் விஷயத்தை வையம்பட்டியில் எங்க அக்கா ரெங்கம்மாள்கிட்ட சொல்லிட்டான். அக்கா போனில் குதிக்குது.

"சாமி வாய்விட்டுக் கேட்டதை வீட்ல வெச்சிருக்கியேடா! அதான் மத்த பத்தையும் அவரே எடுத்துக்கிட்டாரு. ஆடி முதல் ஞாயித்துக்கிழமை நானே வந்து தூக்கிட்டுப் போயி அறுத்துடுறேன்."

"அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்லக்கா."

"அதை நீ சொல்றியா?"

கத்தியிலேர்ந்து காப்பாத்தப் போய் நானே கத்தியைக் கையில் கொடுத்திருக்கேன். யார்மேல கோவப்படுறது? மாதவன்மேலதான்.

ஜூலை 11

என் செருப்புச் சத்தம் கேட்டா ஓடி வருது. மடியில் ஏறுது.

ஏறாதேடி.

ஜூலை 20, ஞாயிறு

காலை பஸ்ஸிலேயே அக்கா வந்துடுச்சு. கூடை, மஞ்சள் துணி, மாலை, எல்லாம் தயார். மாதவன் செவலையோட காலைக் கட்டினான். அது கத்தலை. தலையைச் சாய்ச்சு என்னையே பார்த்துச்சு. கத்தித் தொலைச்சிருக்கலாம்.

"முகத்தை ஏண்டா தூக்கி வெச்சிருக்கே? சாமி காரியம்டா"ன்னுது அக்கா.

"அவுத்து விடுடா மாதவா! கருப்பும் வரலை, குதிரையும் வரலை. நான் விட்ட கதைடா அது! போதுமா?"

தெருவே கேட்டிருக்கும். மாதவன் சிரிச்சான், நாய்ப்பய. அக்கா சிரிக்கலை. "சாமி பேர்லயுமாடா பொய்?"ன்னு ஒரு வார்த்தைதான். தண்ணிகூடக் குடிக்காம வெறுங்கூடையோட பஸ் ஏறிடுச்சு. கூப்பிட்டேன், திரும்பலை.

சாயங்காலம் தட்டை வெச்சுக் கொத்தினேன். செவலை அதுபாட்டுக்குத் தின்னுது.

காய்ச்சல் வந்தது நெஜம். கனவுதான் வரலை.