அரை இடம் தள்ளி

அக்கா,

நேற்று அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கினேன். பழைய சேலைகளுக்குள்ளே, பூச்சி உருண்டை மணத்தோடு, நம்முடைய கசெட் கிடந்தது. காலி வீதியில் ரேடியோ திருத்துகிறவரிடம் ஒரு பிளேயரை இரவல் வாங்கிப் போட்டுக் கேட்டேன். கேட்டபிறகு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் கனடாவில் கண்மூடி இரண்டு மாதம் ஆன பிறகுதானா எனக்கு இந்தக் கேள்வி வரவேண்டும்?

நான் யாரையும் இலேசில் நம்புகிறவள் இல்லை. கடைக்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். வெள்ளவத்தைச் சங்கீத வகுப்புக்கு நீங்கள் ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கணவரிடம் போக விசாவுக்குக் காத்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கை லொட்ஜில் அறை எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். இன்றோ நாளையோ விமானம் ஏறப் போகிறவர் சங்கீத மத்திய தரப் பரீட்சைக்கு எதற்குப் பெயர் கொடுக்கிறார்? போர் நடந்த அந்தக் காலத்தில் கொழும்பில் புதிதாக வந்த தமிழர் ஒவ்வொருவரையும் பொலிஸும் சந்தேகித்தது, நாங்களும் சந்தேகித்தோம்.

“யாழ்ப்பாணத்தில எந்த இடம் அக்கா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஏன் கேக்கிறீங்கள்?” என்றீர்கள்.

அந்த ஒரு பதிலில் என் சந்தேகம் இரட்டிப்பானது. நான் பொலிஸுக்குத் தகவல் கொடுப்பவளாக இருக்கலாம் என்று நீங்கள் பயந்தது பிறகுதான் தெரிந்தது.

அதுவரை சொல்லித் தந்ததைப் பாடினால் போதும் என்றிருந்தோம். மத்திய தரத்தில் பாட்டைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். என்ன ராகம், என்ன தாளம், ஒரே பல்லவி வரி சின்னச் சின்ன மாற்றத்தோடு, சங்கதி சங்கதியாக, எப்படி வளர்கிறது என்று சொல்லவேண்டும். வகுப்பில் நம் இருவரையும் ஒரு சோடியாக்கிவிட்டார்கள். ராகம் பிடிப்பது எனக்கு வரும், தாளம் உங்களுக்கு. குரல் தொடங்கும் இடத்தில்தான் தாளமும் தொடங்குகிறது என்று நினைத்துக் கை போடுவேன். வரி முடியும்போது கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கமாக நிற்கும்.

“பாட்டு வாய் திறக்க முன்னமே தாளம் துவங்கிட்டுது. முதல்ல கையைப் போடுங்கோ, அரை இடம் விடுங்கோ, பிறகு எடுங்கோ.”

தலையாட்டுவேன். அடுத்த தடவையும் அதே பிழை.

உங்கள் ராகத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, என் தாளத்தில் உங்களுக்கு நம்பிக்கையில்லை. ஆளுக்கு ஆள் சாட்சி வேண்டும் என்றுதான் உங்கள் அறையில் வைத்து ஒலிப்பதிவு செய்தோம். நீங்கள் தாளம் போட்டுப் பல்லவி வரியை மட்டும் பாடினீர்கள். கொஞ்சம் நிறுத்தி, அதே வரியை அடுத்த சங்கதியோடு. மறுபடி நிறுத்தி, அதற்கடுத்தது.

ஒரு ஞாயிறு காலை நான் உங்கள் அறையில் இருக்கும்போது பொலிஸ் லொட்ஜைச் சோதிக்க வந்தது. பக்கத்து அறைக்காரர் இருவரை ஏற்கெனவே கீழே ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். அதிகாரி உங்கள் அடையாள அட்டையைப் பார்த்தார், பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்த ரெக்கோடரை அமுக்கினார். உங்கள் குரல் வந்தது. ஒரு வரி. மௌனம். அதே வரி, சின்ன மாற்றத்தோடு. மௌனம். அவருடைய முகம் மாறியது. ரெக்கோடரை நிறுத்தினார்.

“மேக மொகக்த?” இது என்னவென்று கேட்டார்.

பாட்டு என்றேன், கந்தோர் வேலையில் பழகிய என் சிங்களத்தில். பாட்டென்றால் ஏன் மேலே போகவில்லை, ஒரே வரியை யாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். சங்கதி என்றால் என்னவென்று தமிழிலேயே எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. சிங்களத்தில் திக்கித் திணறினேன். இதற்குப் பிறகு என்ன இருக்கிறது, போடு என்றார். அவசரத்தில் அமுக்கினேன். நாடா சுற்றியது, சத்தம் வரவில்லை. சிவப்புப் பொத்தானும் சேர்ந்து அமுங்கிப் பதிவாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பாட்டுத்தான் என்றால் நீ பாடு என்றார். அவர் நம்பாவிட்டால் உங்களையும் ஜீப்பில் ஏற்றுவார்கள். பிறகு விசா எங்கே, கணவர் எங்கே. தொடையில் கையைப் போட்டு ஒரு வரி பாடினேன்.

“பிழை,” என்றீர்கள்.

“என்ன பிழை?”

“எடுப்புப் பிழை. துவங்கின இடம் சரியில்லை. திருப்பி எடுங்கோ.”

மறுபடி பாடினேன். நான் பாடப் பாட நீங்களும் தாளம் போட்டுக்கொண்டு திட்டினீர்கள்.

“திரும்பவும் பிழை. இவ்வளவு நாள் சொல்லியும் உங்கட மண்டையில ஏறேல்லையே.”

“நான் சரியாத்தான் எடுத்தனான்!”

எனக்குப் பொலிஸ் மறந்துபோய்விட்டது. நீங்களும் விடவில்லை. அதிகாரி உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். தன் வீட்டிலும் நடன வகுப்புக்குப் போகிற இரண்டு மகள்மார் இப்படித்தான் சண்டைபிடிக்கிறார்கள் என்று கொன்ஸ்தபிளிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர்கள் போன கையோடு கேட்டேன், “அவங்களுக்கு முன்னால ஏன் என்னை அவமானப்படுத்தினீங்கள்?”

“பிழையெண்டால் பிழைதானே,” என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பரீட்சைக்கு முன்பே விசா வந்தது. கசெட்டை என்னிடம் விட்டுப் போனீர்கள். பயத்தில் அதை அலுமாரிக்குள் திணித்தவள் பிறகு தொடவே இல்லை. ஆனால் இத்தனை வருடங்களாக நீங்கள் தொலைபேசியை வைக்கும்முன் கேட்பீர்கள், “இப்பவாவது அரை இடம் விடுறீங்களோ?” ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வரும்.

நேற்றுக் கேட்டேன், அக்கா. உங்கள் சங்கதிகள் முடிகின்றன. ஒரு கடகடப்பு, அதிகாரியின் குரல். பிறகு என் கை தொடையில் விழும் ஓசை. அரை இடம். அதன் பிறகுதான் என் நடுங்கும் குரல். நாடா இழுக்கிறதோ என்று சந்தேகித்தேன். உங்கள் சங்கதியைப் போட்டேன், என்னுடையதைப் போட்டேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் எடுக்கின்றன. நான் சரியாக எடுத்த ஒரே நாள் அது.

பயத்தில் நீங்கள் தடுமாறியிருப்பீர்களோ என்றும் சந்தேகித்தேன். திரும்பவும் கேட்டேன். இரண்டாம் முறை நான் பாடும்போது உங்கள் கையும் கேட்கிறது. வாய் என்னைத் திட்டுகிறது. கை என் பாட்டோடு சேர்ந்து சரியாக விழுகிறது. பொலிஸ்காரர் நம்புவதற்கு ஒரு சண்டை தேவைப்பட்டது, என்ன? பிறகாவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் வெளியே கதைத்துவிடுவேன் என்று பயந்தீர்களோ? அந்தக் காலத்தில் அது நியாயமான பயம்தான். எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் அழுதேன்.

இன்று காலையும் போட்டேன். கையைப் போட்டு, அரை இடம் விட்டு, என்னுடைய அந்தப் பழைய குரலோடு சேர்ந்து பாடினேன். “பிழை” என்ற உங்கள் குரல் வந்தது.

“ஓம் அக்கா, பிழைதான்,” என்றேன்.