ஏழாம் எண் மாட்டின் கழுத்துப்பட்டி

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், நானும் அப்படியே இருக்கிறேன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கூட்டத்தில் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று உன் அத்தை உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள், நீயும் டாக்டரைப் பார்த்தாயா, மாத்திரை போட்டாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். நான் மயங்கவில்லை. என் ரத்த அழுத்தம் உன் அத்தையுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தேன், நடந்தது அவ்வளவுதான். ஏன் உட்கார்ந்தேன் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இத்தனை நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் பேனா இருந்தால் உன்னிடம் என்னால் மழுப்ப முடியாது, அதுவாவது மிச்சமிருக்கிறது என்று நினைத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காப்புக்காட்டில் இந்தக் கோடையோடு ஆடு மாடு மேய்ப்பதை அடியோடு நிறுத்தப் போகிறார்கள், எல்லா மேய்ச்சல் சீட்டும் ரத்தாகிறது என்று வனத்துறை நோட்டீஸ் ஒட்டியதைச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கு நூலக மாடியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மாடு வைத்திருக்கிற எட்டு வீட்டுக்காரர்களும் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கான்வென்டில் பேச்சுப்போட்டிக்குப் போனவள் மாதிரி இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன். ஊற்றுக்குக் கீழே எல்லையாக நட்டிருக்கும் வெள்ளைக் கல்லைத் தாண்டி எங்கள் மாடு ஒன்றுகூட இன்றுவரை போனதில்லை, அப்படியிருக்க எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று கேட்டேன். இதையே எழுதியும் கொடுத்தேன். அப்பா போன பிறகு சீட்டை உன் பெயருக்கு மாற்றினோமே, அதனால் அறிக்கையும் உன் பெயரில்தான், அடியில் உன் கையெழுத்து. பதினோரு வருடமாகச் சீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நான்தான் உன் கையெழுத்தைப் போடுகிறேன் என்பது உனக்குத் தெரியும், உன் கையெழுத்தை உன்னைவிட அழகாகப் போடுவேன் என்று நான் சொல்லிக்காட்டியதும் உனக்கு நினைவிருக்கும். நான் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். பின்னால் இருந்த தையல்காரர், யப்பா, ஜட்ஜையே உக்கார வச்சிடுவாங்க போலிருக்கே என்று சொன்னது என் காதில் விழுந்தது, எனக்கு அது இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போதுதான் கூட்டத்தை நடத்திய வனத்துறை அதிகாரி சுவரில் படம் போட்டாள். உன் வயதுதான் இருக்கும், குரலை உயர்த்தாத பெண். ஊற்றுக்கு அருகே மரத்தில் கட்டிவைத்த கேமரா எடுத்த படமாம். ஊற்றின் நடுவில், முழங்கால் ஆழச் சேற்றில் ஒரு மாடு நிற்கிறது, கழுத்தில் வெள்ளைப் பட்டி, பட்டியில் நீல நூலில் ஏழு. நம் மாடுகளுக்கு நான் கழுத்துப்பட்டி தைத்து, கான்வென்ட் தையல் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த கிராஸ் ஸ்டிச்சில் எண் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து, மாட்டுக்கு எதுக்கும்மா ஸ்கூல் யூனிஃபார்ம் என்று நீ சிரிப்பாயே, அந்தப் பட்டிதான். வேறு யார் வீட்டு மாட்டுக்கும் அது கிடையாது. ஏழாம் எண் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு அசை போடுகிறது. அந்தப் பெண் மெதுவாக, அம்மா, இது உங்க மாடுதானே என்று கேட்டாள். நான் ஆம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. மேய்க்கிறவன் என்னைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போயிருப்பான், எழுத்து வாசனை இல்லாதவன், அவனுக்கு என்ன தெரியும் என்று சொன்னேன். இரண்டு வரிசைக்குப் பின்னால்தான் அவர் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவர் என்பதால் ரேடியோ என்று கேலிப்பெயர் வைத்தோமே, அவர் எழுந்து, ஆமாங்க, என் தப்புதாங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பார், அவர் என்று எழுதுகிறேன், இருபத்தாறு வருடத்தில் வாயால் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

உண்மை என்னவென்றால் ஓட்டச் சொன்னது நான். மழை பொய்த்து, கீழ்ப்பக்கம் புல்லெல்லாம் கருகி, மாடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தபோது அடுக்களை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, ஊற்றுப் பக்கம் ஓட்டு என்றேன். அவர் தயங்கினார். அந்தப் பக்கம் வேணாம்மா, போர்டு வச்சிருக்காங்க என்றார். போர்டைப் படிக்கத் தெரிந்தவள் நான், நீ ஓட்டு என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு வாரம்.

கூட்டத்துக்கு மறுநாளும் அவர் வழக்கம்போல வந்து மாடுகளை அவிழ்த்தார், ஆனால் டீக்கு அடுக்களை வாசலுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேய்ச்சல் நின்றதும் மேய்ப்பவர்களுக்கு ஊற்றையும் புதிதாக நட்ட மரக்கன்றுகளையும் காக்கும் வேலை கொடுக்கிறார்கள், அத்துமீறி மேய்த்தவர்களுக்கு மட்டும் கிடையாதாம், அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஒத்த வார்த்தைம்மா, உங்க வாயிலேர்ந்து வந்துச்சு, இனி இந்த வயசுல அவர் எங்க போய் நிப்பாரு என்று அவள் கேட்டாள்.

அவரையே கூட்டிக்கொண்டு அந்த ஊற்றைப் பார்க்கப் போனேன், கைத்தடியோடு மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து. சோதனைக்காக ஒரு சின்னச் சதுரத்துக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்குள் இடுப்பு உயரத்துக்கு நாணல், தெளிந்த தண்ணீர், தவளைச் சத்தம். வேலிக்கு வெளியே குளம்படி விழுந்து விழுந்து அம்மைத் தழும்பு மாதிரி கிடக்கிற கரை, சாணம், கலங்கல், ஒரு செடி இல்லை. மாடு நாலு வாய் தின்றால் காடு அழிந்துவிடுமா என்று நான் கூட்டத்தில் கேட்டிருந்தேன், கைதட்டல் வாங்கிய வாக்கியம் அது. அங்கே நின்று, என்னை மன்னிக்க வேண்டும், அன்றைக்கு அந்த போர்டைப் பற்றிச் சொன்னதற்கும் சேர்த்து என்றேன். அவர் வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே, எழுத்துதாம்மா தெரியாது, அந்த போர்டுல மாட்டுப் படம் போட்டு மேல செவப்புக் கோடு இழுத்திருந்துச்சு, அது புரிஞ்சுது என்றார். கோபமில்லாமல் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அவர் முதுகைப் பார்க்கவே கூசியது.

அடுத்த நாள் வனத்துறை அலுவலகத்துக்குப் போய், நான் சொன்னது பொய், மாட்டை அனுப்பியவள் நான் என்றேன். கிளார்க் ஃபைலைப் புரட்டி, சீட்டு உங்க பொண்ணு பேர்ல இருக்கு, கையெழுத்தும் அவங்களுது, அவங்க எப்போ ஊருக்கு வந்தாங்க என்று கேட்டார். அவள் வரவில்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்ப அவங்ககிட்டேயிருந்தே ஒரு லெட்டர் வாங்குங்கம்மா, இதுக்கு மேல நான் எதையும் கேக்கலை என்றார். ஸ்கேன் செய்து அனுப்புவதெல்லாம் ஆகாதாம், பேனாவால் கையெழுத்திட்ட காகிதமே வேண்டும். அடுத்த மாதம் இருபதாம் தேதி பட்டியலை ஒட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது.

ஆகையால் நீ இரண்டு விஷயம் எழுத வேண்டும். உன் பெயரில் கொடுத்த அறிக்கை உனக்குத் தெரியாமல் உன் அம்மா எழுதி உன் கையெழுத்தைப் போட்டது, அதில் இருப்பது பொய், மேய்ப்பவர் உன் அம்மாவின் உத்தரவுப்படிதான் நடந்தார் என்பது ஒன்று. சீட்டை நீயே திருப்பிக் கொடுக்கிறாய் என்பது இன்னொன்று, அவர்கள் ரத்து செய்யும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. ஏழாம் எண்ணையும் அதன் கன்றையும் மட்டும் தொழுவத்திலேயே கட்டித் தீனி போடப் போகிறேன், மற்றவற்றைப் பால்காரர் எடுத்துக்கொள்கிறார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறதி என்று ஒரு வரி சேர்க்க உனக்குத் தோன்றும், உன் இளகிய மனது எனக்குத் தெரியும், தயவுசெய்து சேர்க்காதே. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், எட்டு வீட்டுக்காரர்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சொன்னாய், புதுப்பல் முளைக்கும்வரை நாக்கால் துழாவ வேண்டாம் என்று சொல், கோணலாகிவிடும். உன் இருமலுக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை மறைக்காதே, படிக்கக் கொடு. நீங்கள் மூவரும் நிறைந்து வாழ வேண்டும், சின்னவள் என்னைப் போல் பேசாமல் உன்னைப் போல் பேச வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கும்.

போனில் வேண்டாம், காகிதத்தில் பதில் எழுது, மேலே தேதி போடு, கீழே உன் கையெழுத்தை நீயே போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா