கோட்டைப் படியில் நீட்டிய கை

தல்சார்னை
ஜூன், ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வந்ததும்

அன்புள்ள நெஸ்டாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடிலெய்டில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தாயா இல்லை வழக்கம்போல் இருமல் வந்த பிறகுதான் எடுப்பாயா. இங்கே நான் சுகம், முழங்கால் சுகம், பூனை சுகம். என் தலையும் நன்றாகத்தான் இருக்கிறது, அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப் போக உனக்குப் புரியும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தம்பி கெதின் கட்டிக்கொள்ளப் போகிற ஹெலெத்தைப் பற்றி நான் உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன், வெளியூர்க்காரர்களைச் சிறிய பேருந்தில் ஏற்றிக் கோட்டை, பழைய மாளிகை, தோட்டம் என்று சுற்றிக் காட்டுகிற வேலை. தெற்கத்திப் பெண், கர்மார்த்தன் பக்கம். பேச்சில் வெல்லம், முகத்தில் எப்போதும் சிரிப்பு, எனக்கு அதுவே பிடிக்கவில்லை. ஒரே மொழிதான், ஆனாலும் 'இப்போது' என்பதற்கு வடக்கே நாம் சொல்கிற சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதினால் அவர்கள் சொல் வரும், 'இப்போது' என்பதையே தலைகீழாகச் சொல்கிறவர்கள் வேறு எதைத்தான் நேராகச் சொல்வார்கள் என்று உன் அப்பா இருந்தவரை கேட்பார். போன மாதம் கெதின் வந்து, அவள் கூட்டத்தில் ஒருவர் வரவில்லை, ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஒரு வாரம் போய்விட்டு வாருங்கள் அம்மா, அவளோடு பழகினது போலவும் இருக்கும் என்றான். எனக்கு அப்போதே உறைத்தது. ஹார்லெக் கோட்டை நம் சமையலறை ஜன்னலில் தெரிகிறது, அறுபத்தெட்டு வயதில் அதைக் காட்ட எனக்கு ஒரு வழிகாட்டியா? நம்மை அடக்க இங்கிலீஷ் ராஜா கட்டின கோட்டைக்குள் உன் அப்பா ஒரு நாளும் கால் வைத்ததில்லை, எதிரி வீட்டை எவனாவது சீட்டு வாங்கிப் பார்ப்பானா என்பார். அதோடு, அதற்கு முந்தின வாரம்தான் கெதின் உன் அறைச் சுவரை அளவு நாடா வைத்து அளந்துகொண்டிருந்தான், என்னடா என்றால் ஒன்றுமில்லை என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டான். தச்சன் ஒன்றுமில்லாமல் எதையும் அளக்கமாட்டான். நம் தெருவில் பாதி வீடுகளின் வாசலில் இப்போது சாவிப் பெட்டி தொங்குகிறது, கோடைக்கு வந்து போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள், மற்ற மாதங்களில் ஒரு விளக்கு எரியாது. என்னை ஒரு வாரம் வெளியே அனுப்பிவிட்டு வீட்டை என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்ப்போம் என்றுதான் போனேன். அவள்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளவும் அது நல்ல வழி.

மொத்தம் எட்டுப் பேர். என் பக்கத்து இருக்கையில் லெஸ்டரிலிருந்து வந்த பெரில் என்று ஓர் அம்மாள், நல்லவள்தான், பேருந்து கிளம்பினால் தூங்கிவிடுவாள். முதல் நாள் கான்வி கோட்டை. வாசலுக்கு மேலே ஓட்டைகளைக் காட்டி, வருகிறவன் தலையில் கல்லும் சுடுநீரும் கொட்ட வைத்தது என்றாள் ஹெலெத். கட்டினவனுக்கு மருமகள் வரப்போவது தெரிந்திருக்கிறது என்று பெரிலிடம் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. சுருள் படியில் ஏறும்போது ஹெலெத் என் பக்கம் வந்து கையை நீட்டினாள். மற்ற யாருக்கும் நீட்டவில்லை, எண்பது வயதுக் கனடாக்காரருக்குக்கூட நீட்டவில்லை, எனக்கு மட்டும். நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். உச்சியில் எனக்கு மூச்சு வாங்கியது உண்மை, காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒன்று கவனித்தேன், அவள் தேநீர் குடிப்பதில்லை. ஊற்றி வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறாள், பைக்குள்ளிருந்து ஒரு வறட்டு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். தேநீர் வேண்டாமென்று சொல்கிறவர்களை நான் நம்பினதே இல்லை, உனக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் நாம் உட்காரலாமா மிஸ்ஸஸ் பாரி, நாம் கொஞ்சம் நிற்கலாமா என்று என்னையே கேட்பாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

மூன்றாம் நாள் பாட்னன்ட் தோட்டம். அந்த நீளமான வளைவுப் பாதையில் மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பக்கம் ஹெலெத் யாரிடமோ தொலைபேசியில் நம் மொழியில் பேசுவது கேட்டது. கெதினிடம்தான். "உங்க அம்மா பஹ்லிதான் கெதின், முதல் நாள்லேர்ந்து பஹ்லி. இனிமே தள்ளிப்போட முடியாது. குளிர் வர்றதுக்குள்ள அந்த ரூம் தயாராகணும்." அதற்குள் பெரில் கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள், மிச்சம் கேட்கவில்லை. கேட்டது போதாதா. அந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் ஒரே பொருள்தான், மங்கிப் போவது. பார்வை மங்கினால் சொல்வோம், நினைவு மங்கினால் சொல்வோம், உன் தாத்தாவைக் கடைசி வருடத்தில் எல்லாரும் அந்தச் சொல்லால்தான் சொன்னார்கள், அதன் பிறகு முதியோர் இல்லத்துக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நெஸ்டா, உன்னிடம் மறைப்பதற்கென்ன, போன பனிக்காலத்தில் அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்து பாத்திரம் கருகிவிட்டது, அதைப் பின்பக்கம் குப்பையில் போட்டேன், கெதின் பார்த்திருப்பானோ? நிஜமாகவே எனக்குத் தெரியாமல் நான் மங்கிக்கொண்டிருக்கிறேனோ? அந்த பெஞ்சில் உட்கார்ந்து உன் பிறந்தநாள், அப்பா பிறந்தநாள், சேப்பலில் பாட வேண்டிய பாட்டின் எல்லா அடிகளையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் வந்தன. பயம் மட்டும் போகவில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஓல்வெனைத் தொலைபேசியில் கூப்பிட்டு நம் வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பார் என்றேன். அவள் எட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, காலையிலிருந்து ரம்பச் சத்தம் கேட்கிறதாம், நெஸ்டாவின் கட்டில் பிரித்து வாசலில் கிடக்கிறதாம். நீ பிறந்த வீட்டில் உன் கட்டில் வாசலில் கிடக்கிறது! எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் அழவில்லை, கோட்டைக்காரன் மாதிரி எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் ஒரு மாளிகையைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் நான் பதில் சொன்னேன், எந்த ராஜா, எந்தக் கோபுரம், எந்த மருமகன் எந்த மாமனாரை ஏமாற்றினான் என்று ஒன்று விடாமல். கனடாக்காரர் கை தட்டினார். ஹெலெத் பாவம் போல் சிரித்தாள், அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. ஒவ்வொரு படியிலும் கையை நீட்டினாள், ஒவ்வொரு படியிலும் என் கை பைக்குள் போயிற்று.

ஐந்தாம் நாள் போவிஸ் மாளிகை. அதன் தோட்டம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும், அந்தப் படியில் ஒரு மயில் வந்து நின்றுகொண்டு வழியை விடவில்லை. ஹெலெத் கையைத் தட்டினாள், அது தோகையை விரித்து இன்னும் அகலமாக நின்றது. அந்தக் கூட்டத்தில் நம் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான், என் பக்கம் திரும்பி, "பாருங்க மிஸ்ஸஸ் பாரி, இவரு நகர்றதுக்கே பஹ்லி" என்றாள். நான் மயிலைப் பார்த்தேன். கழுத்து மின்னுகிறது, உடம்பு கொழுகொழுவென்று இருக்கிறது, அது எங்கே மங்குகிறது? அந்தச் சொல்லுக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்டேன், என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "மாட்டேங்கறாரு, அடம் பிடிக்கறாரு. வேற என்ன அர்த்தம்?" என்றாள். நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொன்னேன், தோட்டத்தில் அவள் பேசினதைக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள், முதலில் சிரித்தாள், அப்புறம் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர்.

நான் விடவில்லை. எதற்கு மாட்டேன் என்றேன் நான் என்று கேட்டேன். "என் கைக்கு. எத்தனை படியில நீட்டினேன், ஒரு தடவை பிடிச்சீங்களா?" மலையில் ஆட்டுக்குப் பின்னால் ஓடினவள் நான், எனக்கு எதற்கு உன் கை என்றேன். "உங்களுக்கு இல்ல. எனக்கு. படி ஏறினா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. உங்களப் பிடிச்சுக்கலாம்னுதான் நீட்டினேன்." அப்போதுதான், நெஸ்டா, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது, தேநீர் வாடை ஆகாதது, வறட்டு பிஸ்கட், வெயிலிலும் கழற்றாத தொளதொளச் சட்டை. இரண்டு பெற்றவள் நான். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், ஒரு தாய் சந்தேகப்பட வேண்டிய ஒன்றைத் தவிர. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா சொன்னதில்லை. மூன்று மாதம் நல்லபடியாக முடியட்டும், இந்தப் பயணத்தில் நீயே உன் வாயால் அம்மாவிடம் சொல் என்று கெதின் அனுப்பினானாம், என் மூஞ்சியைப் பார்த்து அவளுக்கு வாய் வரவில்லையாம். வராது. மயில் எப்போது போயிற்று என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

கடைசி நாள் நம் ஹார்லெக். உன் அப்பா மன்னிக்கட்டும், உள்ளே போனேன். கோபுரப் படி இருட்டு, உனக்குத் தெரிந்திருக்கும், பள்ளியில் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் படியில் முதலில் நான் கையை நீட்டினேன். அவள் பஹ்லி சொல்லவில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேலே நின்று பார்த்தால் நம் வீட்டுக் கூரை, துணிக்கொடி எல்லாம் தெரிகிறது, எதிரி இத்தனை வருடமாக நம் துணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் புதுக் கைப்பிடி, உன் அறைக்கு வெளிர் மஞ்சள் பூச்சு, ஜன்னல் ஓரத்தில் கெதின் கையால் இழைத்த தொட்டில். ஓக் மரம், ஒரு சிலும்பு கிடையாது, தடவிப் பார்த்துவிட்டேன். உன் கட்டில் என் அறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது. தெற்கத்திக்காரர்களின் தொடரை டிவியில் பார்த்திருந்தால் அந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்திருக்கும் அம்மா என்கிறான், இனிமேலும் பார்க்கமாட்டேன். கல்யாணம் ஆகஸ்டில், குழந்தை டிசம்பரில், மூன்று பேரும் இந்த வீட்டில்தான் இருப்பார்கள், சேப்பல் பெண்கள் விரல் விட்டு எண்ணுவார்கள், எண்ணட்டும்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. பயணத்துக்குப் போ அம்மா, போ அம்மா என்று நீயும் சேர்ந்து நச்சரித்தாயே, உனக்கு இது முன்பே தெரியுமா? கெதின் கேட்டால் காது சிவக்கிறான். நேராகப் பதில் எழுது, பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன், இந்த வாரத்துக்குப் பிறகு அதைக் கொஞ்சம் அடக்கமாகத்தான் சொல்கிறேன். டிசம்பருக்கு விடுப்பு இப்போதே கேட்டு வை. என் பக்கத்தில் படுக்கவேண்டும், நான் குறட்டை விடுவேன் என்கிறார்கள், அதையும் நான் நம்பவில்லை. கடவுள் உங்கள் இருவரையும் கடல் தாண்டியும் காக்கட்டும், வரும்போது கம்பளிச் சட்டையை மறக்காதே.

தலை இன்னும் மங்காத
உன் அம்மா
மென்னா