ஒரு ஹெல்மெட், இரண்டு தலை

12 ஜூன் 1995, திங்கள்

காலையில் சட்னி அரைத்து முடிப்பதற்குள் வீட்டில் ஒரு பொதுக்கூட்டமே நடந்து முடிந்தது. பேச்சாளர் என் வீட்டுக்காரர் தம்பிதுரை. கணபதி ஏரியாவில், பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். கூட்டம், நான் ஒருத்தி. ஒன்றாம் தேதியிலிருந்து காந்திபுரம் சிக்னலில் வண்டிக்காரர்களை நிறுத்தி ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். டீக்கடையில் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

ஹெல்மெட் போட்டால் கழுத்து வலி வரும். பின்னால் வருகிற லாரியின் ஹாரன் கேட்காது. உள்ளே வேர்த்துச் சளி பிடிக்கும். முடி கொட்டும். கடைசிக் காரணம் வந்தபோது மட்டும் அவர் தலையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தேன். அங்கே இனிமேல் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது?

"என்ற தலை, என்ற இஷ்டம். இதுல கவர்மெண்டுக்கு என்ன வந்துது?"

நான் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்கத் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் சம்பளம் வாங்குகிறேன். என் முடிக்காக ஒருவரும் கூட்டம் போட்டதில்லை.

28 ஜூன்

டவுன்ஹால் பக்கம் ரசாக் பாய் கடைக்குப் போனோம். சீட் கவரும் ரெயின் கோட்டும் விற்கிற கடை. இந்த மாதம் வாசல் முழுக்க ஹெல்மெட் தொங்குகிறது. பாய் வியாபாரத்தில் கெட்டிக்காரர். எடுத்த எடுப்பில் கேட்டார்:

"ஏனுங்க, போலீஸுக்குக் காட்டறதுக்குங்களா, தலைக்குப் போடறதுக்குங்களா? ரெண்டு ரகம் இருக்குதுங்க."

இவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "போலீஸுக்குத்தானுங்க."

அந்த ரகத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் அதைவிடக் கெட்டி. "தலைக்குப் போடறதைக் காட்டுங்க பாய்" என்று சொல்லி, விலையில் இருந்த வித்தியாசத்தை என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

அங்கேயே வைத்துக் கேட்டேன். "எனக்கும் ஒண்ணு வாங்கிக்கட்டுங்களா?"

இரண்டு ஆண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். "பின்னால உக்கார்றவங்களை எந்தப் போலீஸும் புடிக்கறதில்லை அம்மணி. ஊரே சிரிச்சுப்போடும்" என்றார் இவர்.

ஆக, எங்கள் வண்டியில் ஒரு தலைதான் போகிறது. பின்னால் இருப்பது பூ வைத்துக்கொள்கிற இடம்.

4 ஜூலை

என்னை எக்சேஞ்சில் விட வீட்டிலிருந்து கிளம்பும்போது ஹெல்மெட் என் மடியில். சிக்னல் நெருங்கியதும் "குடு, குடு" என்று முன்னாலிருந்து ஒரு கை வரும். கொடுக்க வேண்டும். போலீஸைத் தாண்டியதும் அதே கை திருப்பித் தரும். வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்களைப் போலவே ரோடு முழுக்க ஜோடிகள். எல்லாப் பெண்கள் மடியிலும் ஒன்று. சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், தீபாராதனைக்குத் தட்டு நீட்டுகிற மாதிரி, எல்லோரும் ஒரே நேரத்தில் நீட்டுகிறோம். பக்கத்து வண்டிக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

12 ஜூலை

பிடித்துவிட்டார்கள். ஃபைன். குற்றவாளி நான்தானாம் – "நீ குடுக்க லேட்டு பண்ணிப்போட்டே."

13 ஜூலை

இன்று வாசலிலேயே மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் நான் சொல்லிக் கேட்காத மனுஷன் ஒரு ரசீது சொன்னதும் கேட்டுக்கொண்டார். வாழ்க போலீஸ்.

23 ஜூலை, ஞாயிறு

வாராவாரம் அன்னூருக்கு என் மாமியார் வீட்டுக்குப் போவது வழக்கம். இன்று போனபோது வாசலிலேயே பஞ்சாயத்து. இவருடைய சித்தப்பா நஞ்சுண்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, கையில நாலு காசு வந்துட்டா கண்ணு தெரியாதுங்களா?"

விஷயம் இதுதான். புதன்கிழமை கோவில்பாளையம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்த சித்தப்பா, வண்டியில் போன இவரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். இவர் திரும்பிக் கும்பிடவில்லை. மந்திரி மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டாராம்.

"ஹெல்மெட் போட்டிருந்தேனுங்க சித்தப்பா. ஓரத்துல நிக்கறது தெரியலீங்க."

"எனக்கு உன்ற வண்டி தெரியுதல்லோ? உனக்கு என்னையத் தெரியாதா?"

எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்க வந்தால்கூட 'ஏனுங்க' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். ஆனால் கும்பிட்ட கும்பிடு திரும்பி வரவில்லையென்றால் பேரன் காலம் வரை மறக்க மாட்டார்கள்.

என் மாமியார், பொன்னாத்தாள் அத்தை, தீர்ப்புச் சொன்னார். "மூஞ்சிய மூடிக்கிட்டுப் போறதுக்கு நம்ம என்ன திருடவா போறோம் கண்ணு? டவுனுக்குள்ள போட்டுக்க. நம்ம ஊரு ரோட்டுல வேண்டாம்."

டவுனில் போலீஸ் சட்டம், அன்னூர் ரோட்டில் சித்தப்பா சட்டம். நடுவில் ஓடுகிற லாரிகளுக்கு யார் சொல்வது?

30 ஜூலை, ஞாயிறு

சரவணம்பட்டி தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டிக் கழற்றினார். மறுபடி என் மடி. அங்கிருந்து அன்னூர் வரை வலதும் இடதும் ஒரே கும்பிடுதான். ரோட்டோர எருமைக்குக்கூட ஒன்று கிடைத்தது.

"நீங்க போடலீன்னா நான் போட்டுக்கட்டுங்களா?"

"புருசன் வெறுந்தலையோட, பொண்டாட்டி ஹெல்மெட்டோடயா? என்னைய ஆம்பளைன்னே மதிக்க மாட்டாங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆடிக் காற்று வண்டியையே தள்ளுகிறது. நான் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் இவர் தோளையும் இன்னொரு கையால் ஹெல்மெட்டையும் பிடித்திருக்கிறேன். நான் விழாமலிருக்கக் கம்பியைப் பிடிக்க வேண்டிய கை, ஹெல்மெட் விழாமல் பார்த்துக்கொள்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

9 ஆகஸ்ட்

எழுதி வைக்க வேண்டும். நடந்தது நடந்தபடி.

ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் இல்லை என்று சரவணம்பட்டிக்கு அப்பால் பங்க்கில் நிறுத்தினார். அங்கேயே கழற்றிக் கொடுத்தார். "காத்து பலமா இருக்குதுங்க, இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கங்க" என்று திருப்பி நீட்டினேன். வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "அத்தனை ஆசையா இருந்தா நீயே போட்டுக்க!" பெட்ரோல் போட்டவர் சிரித்தார்.

வீம்புக்குத்தான் போட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறதல்லவா.

குரும்பபாளையம் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை. என் தலை தார் ரோட்டில் மோதிய சத்தம் எனக்கே உள்ளே கேட்டது. ஹெல்மெட்டில் இடது பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. என் முழங்கை உரிந்தது. அவ்வளவுதான் எனக்கு.

அவருக்கு – ஓரத்துக் கல்லுல – காதுல இருந்து ரத்தம். எந்திரிங்க, எந்திரிங்கன்னு கத்துறேன், இந்தச் சனியன் வாரைக் கழட்டத் தெரியலை எனக்கு. ஹெல்மெட்டோடயே அவரை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இன்னும் கண் திறக்கவில்லை.

11 ஆகஸ்ட்

இன்றும் திறக்கவில்லை.

12 ஆகஸ்ட்

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. குடிக்க வேண்டியவர் குழாயோடு கிடக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் என் தலையைப் பார்க்கிறார்கள், பிறகு அவர் கிடக்கிற அறையின் கதவைப் பார்க்கிறார்கள்.

சித்தப்பா யாரிடமோ சொல்கிறார், எனக்குக் கேட்கும்படி. "புருசன் தலையில இருந்ததப் புடுங்கித் தன்ற தலையில மாட்டிக்கிட்டுது, அந்த அம்மணி." யார் சொல்வது பாருங்கள். கும்பிடு கேட்டவர்.

அத்தையிடம் போய், "நான் நீட்டினேனுங்க அத்தை. அவங்கதான் வேண்டாம்னாங்க" என்றேன்.

"அவன் எந்திரிச்சு வந்து அவன் வாயால சொல்லட்டும். அப்பறம் நம்பறேன்."

சரி. எழுந்து வரட்டும். இரண்டு காரணத்துக்காகவும் வரட்டும். சாமி, முதல் காரணமே போதும். எழுந்து வந்தால் போதும்.

19 ஆகஸ்ட்

கண் திறந்தார்! என்னை அடையாளம் தெரிந்தது. பதின்மூன்று நாள் கழித்து மனைவியிடம் பேசிய முதல் வார்த்தை: "பட்டறைச் சாவி எங்கே?" பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

24 ஆகஸ்ட்

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டது வரை எல்லாம் ஞாபகம் இருக்கிறதாம். அதற்குப் பிறகு, கண் திறந்தபோது சுற்றிய ஃபேன். நடுவில் ஒன்றுமில்லை. அந்த நாள் திரும்பி வராமலே போகலாம், தலையில் அடிபட்டால் இப்படி உண்டு என்கிறார் டாக்டர்.

நன்றாயிருக்கிறது. அத்தை நம்பக்கூடிய ஒரே சாட்சி கூண்டில் ஏறி, 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

"நான் ஏன் போடலை?" என்று கேட்டார்.

"நான் ரெண்டு தரம் நீட்டினேன். வேண்டாம்னுட்டீங்க." அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. கையைத் தட்டிவிட்டதையெல்லாம் கட்டுப்போட்ட தலையிடம் எப்படிச் சொல்வது?

என்னையே வெகுநேரம் பார்த்தார். "அப்படியா" என்றார். நம்பினாரா? தெரியவில்லை. மூன்றாவது தரமும் நீட்டியிருக்கலாமோ? வீம்பு இல்லாமல் நீட்டியிருக்கலாமோ?

17 செப்டம்பர்

வீட்டுக்கு வந்தாயிற்று. கைத்தடியோடு நடக்கிறார். அத்தையும் வந்து தங்கியிருக்கிறார். என்னோடு நேராகப் பேசுவதில்லை. "அவளைக் காப்பி வெக்கச் சொல்லு கண்ணு" என்பார் மகனிடம். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பேன். நான் ஊருக்கு ஊர் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தே பழகியவள். என் வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு ஆபரேட்டர் தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

3 அக்டோபர்

காந்திபுரத்தில் இப்போது யாரையும் நிறுத்துவதில்லையாம். எக்சேஞ்சில் ரூபினா சொன்னாள், அவர்கள் வீட்டு ஹெல்மெட்டில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்களாம். இரண்டு மாதம் ஊரே தலை தலை என்று அலறியது. தலைகளெல்லாம் இனிமேல் பத்திரமாகிவிட்டன போலிருக்கிறது.

15 அக்டோபர், ஞாயிறு

சித்தப்பா குடும்பத்தோடு உடம்பு விசாரிக்க வந்தார். விசாரித்து முடிந்ததும் வழக்கமான இடத்துக்கு வந்தார். "என்ன இருந்தாலும் அன்னிக்கு அந்த அம்மணி அப்படிப் பண்ணியிருக்கப்படாதுங்க." அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

இவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"சித்தப்பா, எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துபோட்டுதுங்க."

அத்தை தலையை நிமிர்த்தினார்.

"சரவணம்பட்டி தாண்டி, முந்தின வாரம் நிறுத்துன அதே புளியமரத்தடியிலதான் நிறுத்துனேன். இவ ரெண்டு தரம் நீட்டுனா. நாந்தான் வேண்டாம்னேன். 'நானு ஓட்டிப் பழகுனவன், உனக்குத்தான் பயம், நீ போட்டுக்க அம்மணி'ன்னு சிரிச்சுக்கிட்டே நானேதான் அவ தலையில மாட்டியுட்டேன். வார்கூட நாந்தான் போட்டுவுட்டேன். நல்லா ஞாபகம் இருக்குதுங்க."

சித்தப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏம் அம்மணி, காப்பி ஆறிப்போச்சு. சூடு பண்ணித் தாரியா?"

சமையலறைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

புளியமரமில்லை, பெட்ரோல் பங்க். சிரிக்கவில்லை, கத்தினார். மாட்டிவிடவுமில்லை, வார் போட்டுவிடவுமில்லை. என் மனுஷனுக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. நான் சொன்ன ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு மிச்சத்தை அவரே கட்டியிருக்கிறார். கட்டும்போது தன்னைக் கொஞ்சம் நல்லவராகவும் ஆக்கிக்கொண்டார். ஆகிவிட்டுப் போகட்டும்.

சூடு பண்ணிய காப்பியை முதலில் அவருக்குத்தான் கொடுத்தேன். பெரியவர்களை வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது சித்தப்பாவுக்கு மரியாதைக் குறைவு. குறையட்டும்.