சந்தனத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு

ஐப்பசி 5. நிலைய மணி காலை 8:10. தென்கரை நிலையத்திலிருந்து புறப்பாடு.

இதைக் கேட்கப்போகிற புண்ணியவான் யாரோ, வணக்கம். சுகமா? சாப்பாடு ஆயிற்றா? வீட்டில் பிள்ளைகள் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறார்களா? நான் முத்திருளாண்டி, சுமைக்காரன். இருப்பது டைட்டனில், சனியைச் சுற்றுகிற பெரிய நிலா. சனி பிடித்தவனைப் பற்றி ஊரில் பேசுவார்கள். நான் சனியைத் தேடி வந்து பிடித்தவன்.

ஒவ்வொரு நடைக்கும் யாராவது ஒருவர் விபத்தானால் எடுத்துக் கேட்கிற இந்த ஆரஞ்சுப் பதிவுப் பெட்டியிடம் பேச வேண்டும் என்பது நிலையத்துச் சட்டம். ஓட்டுகிறவருக்குக் கை ஓயாது; அதனால் சுமைக்காரன் வாய்க்கு வேலை. நான் பேசுவதைப் பெட்டி திருத்தி எழுத்துத் தமிழாக வைத்துக்கொள்ளுமாம். மற்றவர்கள் பேச்சு, பக்கத்தில் இருப்பவருடையதும், கவச ரேடியோவில் வரும்; அதை மட்டும் வந்தபடியே வைக்குமாம். பள்ளிக்கூடம் மிதிக்காதவனுக்குக் கடைசியில் ஒரு வாத்தியார் கிடைத்தார்.

வண்டி: இருவர் உட்காரும் சின்ன ஹெலிகாப்டர், பேட்டரியில் ஓடுவது. சுமை: ஏரிமுனை முகாமுக்கு உணவு, ஒரு பம்பு, மூச்சுக்காற்று உருளை இரண்டு. வெளியே குளிர்: தண்ணீர் பாறையாகக் கிடக்கிற குளிர். ஓட்டுபவர்: கேப்டன் பிலோமினா, வேம்பார்க்காரர்.

நேற்று ஆயுதபூஜை. நிலைய மேலாளர் தங்கமாரி இரண்டு ஹெலிகாப்டருக்கும் தன் கையாலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். மூக்கில் ஒன்று, கதவில் ஒன்று, வாலில் ஒன்று. வாலில் சின்ன விசிறிக்குப் பக்கத்தில் ஒரு திருகுமரை உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும். பொட்டு வை என்று கேட்கிற மாதிரியே இருக்கும். அதன் மேல்தான் வைத்தார்.

காலையில் வண்டியைச் சுற்றிப் பார்த்த கேப்டன் அங்கே நின்றுவிட்டார். துடைக்கக் கையைத் தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

[ரேடியோ. தங்கமாரி:] "என்னம்மா வால்ல ஆராய்ச்சி? முகாம்ல சோத்துக்குக் காத்துக் கெடக்கான். கெளம்பு, கெளம்பு."

ஐப்பசி 5. முற்பகல் 10:30. பறப்பில்.

எல்லாம் சரி. பேட்டரி பாதிக்கு மேல். மூட்டம் அதே ஆரஞ்சு. வெந்நீர் ஊற்றின சாம்பார் நிறம்.

வண்டி கிளம்பியதிலிருந்து கேப்டன் பேசவில்லை. நான்தான் வாயைக் கிண்டினேன். ஊரில் ஒரு கும்பாபிஷேகம் நடந்தது. பூத்தூவ ஹெலிகாப்டர் எடுத்திருந்தார்கள். எடுத்தவர் சாராயக்கடைக்காரர், அவர் மகளைக் கட்டின மாப்பிள்ளைதான் பந்தல்காரன், அவனுக்கும் மாமனாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அது தனிக் கதை. ஹெலிகாப்டர் கோபுரத்துக்கு மேல் நிற்கப் பார்த்தது. நின்ற இடத்திலேயே தொபுக்கென்று இறங்கியது. பந்தல் பறந்தது, அடுப்பு அணைந்தது, சமையல்காரர் கரண்டியோடு கோபுரத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். ஐயர் காதைப் பொத்திக்கொண்டார். பூ மட்டும் விழவில்லை.

[ரேடியோ. பிலோமினா:] "சிரிக்க வைக்காதீங்கண்ணே. அது ஏன் இறங்குச்சு தெரியுமா? தான் தள்ளுன காத்துக்குள்ளயே தான் மாட்டிக்கிச்சு. சின்ன வண்டி அப்படித்தான் சாகும். ஒண்ணு, நின்ன எடத்துல தொபுக்கு. இல்லேன்னா கம்பியில மாட்டும். சரிவுல எறக்கி ஒரு கால் சிக்கிக் கவுந்துரும். மூட்டத்துக்குள்ள நொழஞ்சு மேல எது கீழ எதுன்னு தெரியாமப் போயிரும். பேட்டரியத் தப்பாக் கணக்குப் போடுவாங்க. அம்புட்டுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு: 'கெளம்பு, கெளம்பு'ன்னு ஒருத்தன் பின்னாடி நிப்பான்."

அந்தப் பொட்டைத்தானே பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன்.

[ரேடியோ. பிலோமினா:] "அந்த மரை முடுக்குனதும் மரைக்கும் உடம்புக்கும் சேத்து ஒரு செவப்புக் கோடு போட்டு வச்சிருப்பாங்க. மரை கழண்டா கோடு ரெண்டாப் பிரிஞ்சிரும்; வால் விசிறி போயி வண்டி பம்பரமாச் சுத்தும். உள்ள சூடு, வெளிய குளிரு, நடைக்கு நடை இரும்பு சுருங்கி விரியுது. அது கழலுதான்னு சொல்ல அந்தக் கோட்ட விட்டா நாதி இல்ல. அதை நான் இன்னிக்குப் பாக்கல."

துடைத்திருக்கலாமே தாயி என்றேன்.

[ரேடியோ. பிலோமினா:] "நீங்க துடைச்சா சுத்தம் பண்ணுனதுண்ணே. நான் துடைச்சா சிலுவை போட்ட வேதக்காரச்சி குங்குமத்த அழிச்சான்னு ஆகும். போன வருசமே ஒரு பேச்சு வாங்கியாச்சு."

எதற்கும் ஒரு கதை வைத்திருப்பேன். அதற்கு இல்லை.

ஐப்பசி 5. நண்பகல் தாண்டி. தரையில்.

பெட்டி வேலை செய்கிறதா? பச்சை விளக்கு எரிகிறது. சரி.

விழுந்துவிட்டோம். பனிமேட்டைத் தாண்டும்போது பின்னால் டங்கென்று ஒரு சத்தம். உடனே வண்டி சுற்ற ஆரம்பித்தது. கேப்டன் விசையை அணைத்து, சுற்றை நிறுத்தி, இறக்கப் பார்த்தார். முக்கால்வாசி இறக்கியும்விட்டார். இங்கே எடை ஏழில் ஒரு பங்கு, காற்று கெட்டி. எதுவும் மெதுவாகத்தான் விழும். மெதுவாக விழுந்தாலும் பாறை பாறைதான். பெரிய விசிறி பனிப்பாறையில் அடித்து, வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது.

எனக்குத் தோள் வலி, அவ்வளவுதான். கேப்டனின் இரண்டு காலும் வண்டிக்கு அடியில். அதைவிட, அவர் உடுப்பைச் சூடாக்குகிற கம்பி இடுப்புக்குக் கீழே அறுந்துவிட்டது. உருளை ஒன்று வெடித்தது. ஒன்று மிச்சம்.

நெம்பிப் பார்த்தேன். பம்பைக் கழற்றி முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். லாரி அச்சையே தூக்கினவன் நான். அசையவில்லை.

[ரேடியோ. பிலோமினா:] "விடுங்கண்ணே, மூச்சு செலவாகுது. ஒரு வேலை செய்ங்க. வாலு எங்க கெடக்குன்னு பாருங்க."

பார்த்தேன். வால் ஒடிந்து கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. மரை இருந்த இடத்தில் ஓட்டை. மரை தனியாக, பொட்டும் சந்தனமுமாக, வாலின் பள்ளத்திலேயே கிடந்தது. சந்தனம் கல்லாகியிருந்தது. பனிக்கல்லால் தட்டினேன். சில்லாகப் பெயர்ந்தது. அடியில் சிவப்புக் கோட்டின் பாதி. மறு பாதி வாலின் உடம்பில், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. அங்கே மரை நின்றிருந்த தடத்திலும் பழைய அழுக்கு. ஒரே நாளில் கழன்றதில்லை.

எடுத்துப்போய்க் காட்டினேன். வாங்கிப் பார்க்க அவர் கை வரவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தேன்.

[ரேடியோ. பிலோமினா:] "ம். அப்ப சுத்துனது என் கையால இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கேட்க எனக்குக் கசந்தது.

ஐப்பசி 5. மாலை. இங்கே மாலை என்று ஒன்று இல்லை. மணி சொல்கிறது.

நிலையத்தோடு தொடர்பு கிடைத்தது. இன்னொரு ஹெலிகாப்டர் வடக்கு முகாமில் இருக்கிறதாம். அது திரும்பி, பேட்டரி ஏறி, நாளைக்குத்தான் வருமாம்.

[ரேடியோ. தங்கமாரி:] "முத்திருளாண்டி, நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா. மேட்டுக்கிட்ட அந்தம்மா சட்டுனு திருப்புச்சா? தாழப் பறந்துச்சா? நீ வேற கதை சொல்லிக்கிட்டே வந்தியா?"

மரையைச் சொன்னேன். கோட்டைச் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன்.

[ரேடியோ. தங்கமாரி:] "யோவ், சாமி காரியத்த இதுல இழுக்காத. பொட்டு வச்சா மரை கழலுமா? ஒன் பாட்டன் முப்பாட்டன் காலத்துலருந்து வண்டிக்குப் பொட்டு வைக்கிறோம்."

பொட்டு கழற்றவில்லை ஐயா, பொட்டு மறைத்தது என்றேன்.

கேப்டன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

[ரேடியோ. பிலோமினா:] "பாத்தீங்களாண்ணே. செத்தவ பேச மாட்டால்ல, அதான் எல்லா விபத்துக்கும் ஓட்டுனவ தப்புன்னு எழுதிருவாங்க. எங்க அப்பா கேப்பாரு, என்ன தப்பும்மா பண்ணுனேன்னு."

நான் இருக்கிறேன் தாயி என்றேன்.

[ரேடியோ. பிலோமினா:] "இருங்க. அந்தக் கும்பாபிஷேகம்... பந்தக்காரனுக்கும் மாமனாருக்கும் என்ன சண்ட? அதச் சொல்லுங்க."

சொன்னேன். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கல்யாணத்தில் பண்ணின அடாவடியிலிருந்து ஆரம்பித்து, அவன் மாமனார் வீட்டு மாட்டை அவிழ்த்துவிட்டதுவரை வந்தேன். மாடு எங்கே போனது என்று அவர் கேட்கவேண்டிய இடம் வந்தது. கேட்கவில்லை.

மிச்சக் கதையையும் சொல்லி முடித்தேன். பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஐப்பசி 6. காலை.

வெளியே குளிர் அதே. உருளை அடியைத் தொட்டுவிட்டது. முள் சிவப்பில்.

நிலையம் மறுபடியும் பேசியது. ஆரஞ்சுப் பெட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுவர வேண்டுமாம். மரையையும். அறிக்கை ஏற்கெனவே எழுதி மேலே போய்விட்டதாம்: தாழப் பறந்தார், சட்டென்று திருப்பினார். பெட்டியைத் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே என்ன நடந்தது என்று எழுதத் தெரிந்தவர்களிடம் பெட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கப் படிப்பு வேண்டியதில்லை.

அதனால் பெட்டி இங்கேயே இருக்கும். பனிப்பாறைக்கு அடியில் ஒரு பொந்து பார்த்து வைத்துவிட்டேன். மரையும் பக்கத்தில். தலைக்கவச ரேடியோ வழியாக நான் பேசுவது இதற்குக் கேட்கும், புறப்படுகிறவரை. ஐயா, அம்மா, எடுத்தவர் யாராக இருந்தாலும், வேம்பாரில் பிலோமினாவின் அப்பாவுக்கு ஒரு வார்த்தை போகட்டும். மகள் கை தப்பு செய்யவில்லை.

ஐப்பசி 6. முற்பகல். கடைசிப் பதிவு என்று நினைக்கிறேன்.

ஹெலிகாப்டர் வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் ராமசுப்பு, நல்ல மனிதர். நெம்புகோல் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேருமாகக் கேப்டனின் உடலை எடுத்துப் பின்னால் கிடத்தினோம். ராமசுப்பு அழுதார், கவசத்துக்குள் துடைக்க முடியாமல் அழுதார்.

அவருடைய வண்டி மூக்கிலும் ஒரு பொட்டு. கதவிலும். அதே கை, அதே நாள். வாலைப் பாருங்கள் தம்பி என்றேன்.

[ரேடியோ. ராமசுப்பு:] "அண்ணே, வரும்போது நல்லாத்தான வந்தேன்? பேட்டரி ஆறுதுண்ணே. ஆறுனா இது கெளம்பாது, மூணு பேரும் இங்கதான். ஏறுங்க."

நேற்று நாங்களும் நன்றாகத்தான் வந்தோம், பனிமேடுவரைக்கும். மரை முடுக்குகிற சாவி, ஸ்பேனர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். கண்டவன் கை வைக்கக் கூடாது என்று சாவியெல்லாம் நிலையத்தில் பூட்டில் இருக்கிறது.

[ரேடியோ. தங்கமாரி:] "ராமசுப்பு, அவனைக் கிட்ட விடாத. சுரண்டிக் கிரண்டி வைக்கப் போறான். சந்தனத்துல கை படக்கூடாது, சொல்லிட்டேன். ஏத்திக்கிட்டு வா."

நான் வாலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் கை சுரண்டினால் அது சுத்தம் செய்தது. கேப்டன் பிள்ளை சொன்னது சரிதான். நேற்றுக் காலையில் அவர் கை இறங்கியபோது என் கை ஏறியிருக்கலாம், ஏறவில்லை. இன்றைக்குத் தட்டுகிறேன். கல் மாதிரி இருக்கிறது. ஒரு சில்லு போயிற்று. இன்னொன்று. குங்குமம் போயிற்று. சிவப்பு தெரிகிறது, பெயிண்டின் சிவப்பு. கோடு உடைந்திருக்கிறது. மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி விரற்கடை தள்ளி. மரையை விரலால் தொட்டால் ஆடுகிறது.

ராமசுப்பு, கொஞ்சம் வந்து பாரும். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். என் உருளையில் காற்று இல்லை, அது தெரியும். இருந்தால் சாவு இங்கே. ஏறினால் அந்தப் பனிமேட்டுக்கு மேலே. கையால் முடுக்கிப் பார்க்கிறேன், கையுறை வழுக்குகிறது, இன்னும் ஒரு சுற்று சுற்றினால் ஒருவேளை

[ரேடியோ. ராமசுப்பு:] "அண்ணே, வாலை விட்டு வாங்க! பேட்டரி ஆறுதுன்னு விசையப் போட்டுட்டேன், விசிறி சுத்தப் போகுது! முத்திருளாண்டி அண்ணே, வாங்கண்ணே!"