சின்னப் பெட்டியும் பெரிய பேனலும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் இருமிக்கொண்டே சொல்கிறாய், அதனால் பாதிதான் நம்பியிருக்கிறேன். கிரேன் ஓட்ட மேலே உட்கார்ந்திருக்கும்போது காதை மூடிக்கொள், குளிர் முதலில் காதில்தான் ஏறும். போனில் பேசக்கூடியதை எதற்கு இவள் தாள் தாளாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், பக்கத்தில் உன் அப்பா வேறு உட்கார்ந்துகொண்டு கை ஜாடை காட்டுகிறார், எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. உன் அக்கா நன்றாக இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் இப்போது பகல் டியூட்டி, அவள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைக் காட்டுவதற்காகவே எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாளாம். எனக்கும் தையலுக்குக் குறைவில்லை, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறதே, சீருடைத் துணி மூட்டையாக வந்து கிடக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் அக்கா வண்டி எடுத்துக்கொண்டு வருவாள், நாங்கள் இந்த மேட்டு வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு டவுனுக்குப் போய்விட வேண்டும் என்று நீயும் அவளும் பேசி முடித்துவிட்டீர்கள். அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார். காய்கறி வாங்கக் கூப்பிட்டாலே ஏன் எதற்கு என்று கேட்கிற மனுஷன், வீட்டைப் பூட்டுவதற்கு மறுபேச்சு இல்லாமல் சரி என்றாரே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

உனக்குத் தெரியும், இந்த மேட்டுக்குக் கரண்ட் கம்பம் ஏறவில்லை, எங்களுக்கு எல்லாமே கூரை மேலே இருக்கிற சோலார் பேனலும் சமையலறை மூலையில் இருக்கிற பேட்டரியும்தான். அப்பாவுக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் அந்த மூச்சு மெஷினைக் கொடுத்ததிலிருந்து முகமூடி மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார், அது இல்லாமல் தூங்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்தால் முகமூடியின் வார் அழுத்திய கோடு இரண்டு கன்னத்திலும் இருக்கும். சில நாள் அந்தக் கோடு மங்கிப்போயிருந்தது. துணியில் மடிப்பு எத்தனை நேரம் நிற்கும் என்று பார்த்துப் பழகிய கண் ஆயிற்றே, விட்டுவிடுமா, விடிவதற்கு வெகு முன்பே மெஷின் நின்றுபோய் இவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். கேட்டதற்கு ஆமாம் என்று மட்டும் சொன்னார். உடனே டவுனிலிருந்து சோலார் கடைக்காரரை வரவழைத்தேன். அவருக்கு உன் அப்பா வைத்த பெயர் கேரண்டி, எதைக் கேட்டாலும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறார். கேரண்டி பேட்டரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதற்குத் துணையாக இன்னொரு பேட்டரி வையுங்கள் என்றார். எனக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை. போன வருடக் காற்றில் நீ வாங்கிக் கொடுத்த சின்னப் பேனல் உடைந்து, அக்கா அதைவிட இரண்டு மடங்கு பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினாள் இல்லையா. இரண்டு மடங்கு பேனல் வந்தும் வீட்டில் விளக்கு ஏன் முன்போலவே எரிந்து முன்போலவே அணைகிறது? பேட்டரி மேலேயே பழியைப் போட்டால் பேனலை யார் கேள்வி கேட்பது? ஏணியைப் போட்டுக் கூரை மேல் ஏறினேன், உன் அப்பா ஏணியையும் பிடித்துக்கொண்டு என்னையும் திட்டிக்கொண்டு நின்றார். பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் முப்பது வோல்ட், எட்டு ஆம்பியர் என்று போட்டிருந்தது. பேட்டரியோ பன்னிரண்டு வோல்ட். மேலே இருந்து முப்பது வருகிறது, கீழே பன்னிரண்டுதான் வேண்டும், மிச்சம் எங்கே போகிறது என்று கேரண்டிக்குப் போன் போட்டுத் துளைத்து எடுத்தேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார், நடுவில் இருக்கிற அந்த நீலப் பெட்டி, அதுதான் சார்ஜ் கன்ட்ரோலர், அது பழைய வகை, பேனலைப் பேட்டரியோடு அப்படியே இணைத்துவிட்டு நிரம்பினதும் அடைத்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. எட்டு ஆம்பியரை வாங்கிக்கொள்ளும், கூடுதல் வோல்ட்டைத் தொடாது, அதனால் மிச்சம் எங்கேயும் போகவில்லை, எடுக்கப்படவே இல்லை என்றார். முதல் சம்பளத்தில் நீ வாங்கிய பெட்டி அது, அதில் ஒரு குறையும் இல்லை, உன் சின்னப் பேனலுக்கு அது அளவெடுத்த மாதிரி இருந்தது. நாங்கள்தான் பேனலை மட்டும் மாற்றிவிட்டுப் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டோம்.

இன்னொரு வகைப் பெட்டி இருக்கிறது, எம்.பி.பி.டி. என்கிறார்கள். அது வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்குமாம். எப்படி என்று கேட்டால் கேரண்டிக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகும் இதே பேச்சாக அப்பாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல், "பழசு கியர் இல்லாத வண்டி, புதுசுல கியர் இருக்கு. மேல வேகமாச் சுத்துறதைக் குறைச்சு, கீழ இழுவையாக் குடுக்குது. இதுக்குப் போயி ஏணி எல்லாம் ஏறினியா?" என்றார். காலம் முழுக்க லாரி ஓட்டினதற்கு அன்றைக்குத்தான் எனக்குப் பலன் கிடைத்தது. அப்புறம் எல்லாமே விளங்கிவிட்டது, முப்பதை ஏறக்குறைய பதின்மூன்றாக இறக்கினால் எட்டு ஆம்பியர் பதினேழு, பதினெட்டாக ஏறும், அதே பேனல், அதே வெயில். இருபது ஆம்பியர் பெட்டி போதும் என்றார் கேரண்டி, நான் முப்பது கேட்டேன், வளர்கிற பிள்ளைக்குக் கவுன் தைத்தால் கீழே கொஞ்சம் மடித்து விடமாட்டோமா. அப்புறம் ஒன்று தெரிந்துகொண்டேன், உனக்குத் தெரியுமோ என்னவோ, பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது, குளிர்ந்த காலையில்தான் அதன் வோல்ட் மேலே ஏறுகிறது. இத்தனை நாள் நான் நல்ல உச்சி வெயிலைப் பார்த்தால் பேனலுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அதனால் ஐம்பது வோல்ட் வரை தாங்கும் பெட்டி வேண்டாம், பனிக்காலத்தில் பேனலின் வோல்ட் ஏறி அதை ஒட்டி நிற்கும், நூறு தாங்குவதைக் கொடுங்கள் என்றேன். கடையில் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார், இரண்டிலும் எம்.பி.பி.டி. என்று எழுதியிருந்தது, ஒன்று கனம், ஒன்று வெறும் டப்பா மாதிரி இலேசாக இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதுமா, இரண்டையும் வெயிலில் மாட்டிக் காட்டுங்கள், உள்ளே போகிற ஆம்பியரையும் வெளியே வருவதையும் அளக்கலாம் என்று கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். இலேசான பெட்டியில் உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றுதான், பழைய வகைக்குப் புதுப் பெயர். கனமானதில் வெளியே வந்தது இரண்டு மடங்கு. கேரண்டியும் குனிந்து பார்த்துவிட்டு, இதை நானே அளந்து பார்த்ததில்லை என்று அந்த டப்பாவைத் திருப்பி அனுப்பத் தனியாக எடுத்து வைத்தார், என்னைவிட அவருக்குத்தான் அதில் அதிக ஆச்சரியம். கனமானதை வாங்கி வந்து மாட்டினோம். முதலில் பேட்டரி ஒயர், அப்புறம்தான் பேனல் ஒயர் கொடுக்க வேண்டும், எந்தப் பேட்டரிக்கு உழைக்கிறோம் என்று பெட்டிக்கு முதலில் தெரிய வேண்டுமாம். அப்பா அவசரப்பட்டுப் பேனல் ஒயரைத் தூக்கிக்கொண்டு வந்தார், கையைத் தட்டிவிட்டேன்.

வெயில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை, மெஷின் விடிய விடிய ஓடியது. அப்புறம் மேகம் போட்டது. எந்தக் கியர் போட்டாலும் இஞ்சின் ஓடினால்தானே என்று அப்பா சொல்லிவிட்டார். தையல் மெஷினில் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கிறேன், டி.வி.யும் போடுவதில்லை, செய்தி கேட்காமல் இருக்க முடியாத உன் அப்பா தானாகவே செய்தி தயாரித்து எனக்கு வாசிக்கிறார், அதில் தினமும் விலைவாசி இறங்குகிறது. அப்படிச் சிக்கனம் பிடித்தும் ஒரு விடியற்காலை மூச்சு மெஷின் நின்றுவிட்டது. பேட்டரியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று பெட்டியின் கண்ணாடியிலேயே காட்டுகிறது, ஆனால் கரண்ட் வரவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பெட்டி தானாக லைனை வெட்டிவிடுமாம், பேட்டரி கெடாமல் இருப்பதற்காக. அந்த அளவைக் கம்பெனியில் பதினொன்று புள்ளி எட்டு என்று வைத்து அனுப்பியிருக்கிறார்கள், பட்டனை அழுத்தினால் குறைக்கலாம். கேரண்டியைக் கேட்டேன். பதினொன்று புள்ளி இரண்டு வரை இறக்கலாம், ஆனால் வேண்டாம், ஐந்து வருடம் உழைக்கிற பேட்டரி மூன்றே வருடத்தில் போய்விடும், கேரண்டியும் கிடையாது என்றார். போனை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை ஆராய்ச்சி செய்து, எத்தனை பேர் தலையைத் தின்று இந்தப் பெட்டியைத் தேடி எடுத்து வந்தேன், அது என்னடா என்றால் பேட்டரியைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஒயரின் அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று அது கேட்காது, நான்தான் சொல்ல வேண்டும். எழுந்து போய்ப் பட்டனை அழுத்தி அளவை இறக்கினேன். பேட்டரி போனால் போகட்டும், அதற்குக் கடை இருக்கிறது.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் திரும்பியதும், டவுனுக்குப் போக எதற்காக அன்றைக்குச் சரி என்றார் என்று கேட்டுவிட்டேன், மேட்டு வீடு அலுத்துவிட்டதா, இல்லை பயந்துவிட்டாரா என்று. அவர் தோளில் கிடந்த துண்டால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம், "மெஷின் நின்னா நான் எழுந்து உக்காந்துக்குவேன், எனக்கு ஒண்ணுமில்ல. நீ ராவெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு அதோட சத்தத்தையே கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. அங்கே போனா நீயாவது தூங்குவேன்னுதான் சரின்னேன்" என்றார். நான் தூங்குகிற மாதிரி நடிப்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தி என்ன கண்டேன் போ.

அதனால் நீ அக்காவிடம் பேசு, வண்டி இப்போது வேண்டாம் என்று சொல், நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். நான் வீம்புக்குச் சொல்லவில்லை. இன்னொரு தடவை மெஷின் நின்றால் நானே அவளைக் கூப்பிட்டு, பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நிற்பேன், இது அப்பாவும் நானும் பேசி வைத்துக்கொண்டது. இன்னும் மேகம் கலையவில்லை, ஆனால் மெஷின் நிற்கவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, இருமல் போகவில்லை என்றால் டாக்டரைப் பார், மேலே ஏறும்போது பெல்ட்டைப் பூட்டினேனா என்று இரண்டு தடவை இழுத்துப் பார். அந்த கிரேனில் கியர் எங்கே இருக்கிறது, அவ்வளவு கனத்தைத் தூக்கும்போது அதுவும் வேகத்தைக் குறைத்துத்தான் தூக்குகிறதா, மறக்காமல் எழுது, அப்பாவும் நானும் இதில் பந்தயம் கட்டியிருக்கிறோம். நல்ல உடம்போடும் நல்ல மனுஷர்களோடும் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். நேற்று நான் கண் விழித்தபோது நன்றாக விடிந்து போயிருந்தது, பக்கத்தில் படுக்கை மடித்து வைத்திருந்தது, சமையலறையில் உன் அப்பா சத்தம் வராமல் டம்ளரை எடுக்கப் பார்த்து எல்லாவற்றையும் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். நான் தூங்கிவிட்டேனடா கண்ணா, விடிந்ததே தெரியாமல் தூங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா